ஓசையில்லாத சிறு கணனி: வீட்டில் படம் பார்க்க எதைத் தெரிவு செய்யலாம்?

தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு கணனியை இணைத்து, வீட்டு விறாந்தையையோ சனசமூக நிலைய மண்டபத்தையோ ஒரு சிறு திரையரங்காக மாற்றிக்கொள்வது இன்று பெரிய காரியமன்று. திரைப்படம், பாடல், பிள்ளைகளின் பாடங்கள், வெளிநாட்டிலிருக்கும் மகளின் திருமண ஒளிப்பதிவு, பழைய வீடியோ நாடாக்களிலிருந்து மாற்றி எடுத்த குடும்ப நிகழ்ச்சிகள் என எல்லாவற்றையும் ஒரே இடத்திற் சேர்த்து வைத்து, இருந்த இடத்திலிருந்தே தெரிவு செய்து பார்க்கலாம். இந்த ஒரு வேலைக்கென ஒதுக்கப்படும் கணனியையே வீட்டுத் திரையரங்குக் கணனி என்கின்றனர்.

கடைக்காரரிடம் போனால் அவர் வேகத்தையும் விலையையும் பற்றித்தான் பேசுவார். நாமோ வேறு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். இது எவ்வளவு மின்சாரம் இழுக்கும்? எவ்வளவு இரையும்? எமக்குக் கிடைக்கும் படங்களைத் தங்குதடையின்றிக் காட்டுமா? இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றோடொன்று பின்னியவை. மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகின்றது. வெப்பத்தை வெளியேற்ற விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் இரைச்சல் வரும். ஆகவே மின்சாரத்தைக் குறைப்பவன் இரைச்சலையும் குறைத்துவிடுகிறான்.

பாடத்தைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் தொலைக்காட்சியிலேயே யூ.எஸ்.பி. துவாரம் இருந்து, அதிற் செருகிய தட்டிலிருந்து உங்கள் படங்கள் நன்றாக ஓடுமானால் கணனியே தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடுங்கள். சில படங்கள் ஓடுவதில்லை, தமிழ் உபதலைப்பு எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன, நூற்றுக்கணக்கான கோப்புகளுள் வேண்டியதைத் தேடமுடியவில்லை என்ற நிலை வந்தவர்களுக்கே இக்கட்டுரை.

அலகுக் கணக்கு

1000 உவாற்று வலுவுள்ள ஒரு சாதனம் ஒரு மணித்தியாலம் ஓடினால் செலவாவது ஓர் அலகு. இதை எல்லோரும் அறிவோம். 2004ஆம் ஆண்டளவில் வெளிவந்த பென்ரியம் 4 வகை மேசைக் கணனிகளிற் பல, ஒரு வேலையும் செய்யாமற் சும்மா நிற்கும்போதே 80 தொடக்கம் 100 உவாற்று வரை இழுக்கக்கூடியவை. அவற்றின் செயலி மட்டுமே முழுவேலையில் 84 முதல் 115 உவாற்று வரை வெப்பம் வெளிவிடும் என்று தயாரிப்பாளரே கணக்குக் கொடுத்திருந்தனர். இன்றைய சிறுகணனி ஒன்று படம் காட்டும்போது 8 அல்லது 10 உவாற்றோடு நின்றுவிடும்.

100 உவாற்றுப் பொறியை நாளுக்கு 4 மணித்தியாலப்படி 30 நாள் ஓட்டினால் 12 அலகு. 8 உவாற்றுப் பொறி அதே வேலையை ஓர் அலகுக்குள் முடித்துவிடும். அணைக்காமல் இரவும் பகலும் விட்டுவைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். முன்னையது மாதத்துக்கு 72 அலகு, பின்னையது 6 அலகுக்கும் குறைவு. எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது. பாவிக்கும் அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். மாதம் 60 அலகுக்குள் நிற்கவேண்டும் என்று இரவில் விளக்கை அணைத்து அணைத்து நடக்கும் ஒரு குடும்பத்துக்கு, மூலையில் நிற்கும் பழைய கணனி 72 அலகைத் தனியே தின்றுவிடுவது சிறிய விடயமன்று.

இங்கே அன்பளிப்புக் கணனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் தம் அலுவலகங்களிற் கழித்த மேசைக் கணனிகளை நல்லெண்ணத்துடன் அனுப்பி வைக்கின்றனர். நிலையங்களும் மறுக்க மனமின்றி வாங்கி அடுக்கி வைக்கின்றன. தட்டச்சு வகுப்புக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஓட்டுவதானால் நல்லதுதான். நாள்தோறும் மாலையில் மண்டபத்தில் ஓடவேண்டிய பொறியாக அவற்றை வைப்பது, இலவசமாகக் கிடைத்த ஆனைக்கு நாம் தீனி போடுவதாகவே முடியும். இதைக் கொடுப்பவருக்குப் பணிவாக எடுத்துச் சொல்வதில் தவறில்லை என்பது எமது எண்ணம்.

மடித்து வைத்த படம்

பலரும் கவனியாத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விடயம் இதுதான். எனவே இதிற் சற்று நேரம் செலவிடுவோம்.

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தைச் சுருக்காமல் அப்படியே பதிவு செய்தால், ஒரு செக்கனுக்கு 24 சட்டங்களாக, ஏறக்குறைய 149 மெகாபைற் வேண்டும். இரண்டு மணித்தியாலப் படத்துக்கு 1 ரெராபைற்றுக்கும் மேல். ஆனால் எம் கைக்கு வரும் படம் 7 கிகாபைற் அளவில்தானே இருக்கிறது? நூற்றைம்பது பங்கில் ஒரு பங்காக அதை மடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் எழுதி வைப்பதே இந்த மடிப்பின் சூட்சுமம். பார்க்கும்போது கணனி அதை ஒவ்வொரு செக்கனும் விரித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மடிக்கும் முறைகள் பல. 2003இல் வந்த எச்.264 இன்றும் எங்கும் பரந்திருப்பது. 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்குவது. அதே ஆண்டளவில் வந்த வி.பி.9, 2018இல் வந்த ஏ.வி.1 ஆகியவற்றை யூரியூப் போன்ற இணையத் தளங்கள் பெரிதும் பயன்படுத்துகின்றன. மடிப்பு நுட்பமாக ஆக, விரிக்கும் வேலையும் கடினமாகும்.

விரிக்கும் வேலையை இரண்டு வழியிற் செய்யலாம். சில்லுக்குள்ளேயே அதற்கென அமைந்த தனிச் சுற்று இருந்தால், அது இரண்டொரு உவாற்றிற் சத்தமின்றிச் செய்து முடிக்கும். அச்சுற்று இல்லையெனில் பொதுச் செயலி முழுமூச்சுடன் அந்த வேலையைச் சுமக்கவேண்டும். அப்போதுதான் விசிறி சீறுவதும், படம் விக்கி விக்கி நகர்வதும், மின்சாரம் எகிறுவதும் நடக்கின்றன. 40 உவாற்று இழுக்கும் பழைய செயலி திணறும் படத்தை 6 உவாற்றுச் சில்லு இலகுவாகக் காட்டுவதன் மர்மம் இதுவே. எனவே கடையில் எத்தனை கிகாஹேர்ட்ஸ் என்று கேட்பதற்கு முன்னர், எந்தெந்த மடிப்பை இது வன்பொருளிலேயே விரிக்கும் என்று கேளுங்கள்.

கைமாறிய இன்ரெல் கணனிகளை வாங்குவோர் இதைத் தாமே கண்டறியலாம். செயலியின் பெயரில் ஐ5-7500ரி என்று இருந்தால், கோட்டுக்குப் பின்வரும் 7 என்பது ஏழாம் தலைமுறையைக் குறிக்கும். நான்காம் தலைமுறை (2013) எச்.264ஐ மட்டுமே நன்றாக விரிக்கும். ஆறாம் தலைமுறை (2015) எச்.265இன் எளிய வகையைச் சமாளிக்கும். ஆனால் இன்று பரவலாயுள்ள 10 பிற் நிறவகையில் தடுமாறும். 2016இன் பிற்பகுதியில் வரத்தொடங்கிய ஏழாம் தலைமுறை அந்த 10 பிற் வகையையும் வி.பி.9ஐயும் விரிக்கும். ஏ.வி.1 வேண்டுமெனில் 2020இல் வந்த பதினோராம் தலைமுறைக்குப் போகவேண்டும். எம்மைக் கேட்டால் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்தான் கோடு. விலையில் வேறுபாடு சொற்பமாயிருக்க, பயனில் வேறுபாடு பெரிது. பெயரின் கடைசியில் வரும் ‘ரி’ என்ற எழுத்து, அது 35 உவாற்றுக்குள் அடங்கும்படி அமைக்கப்பட்ட செயலி என்பதற்கு அடையாளம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

ஒலியை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். ஆட்கள் உறங்கிய பின் கிராமத்து வீடு ஒன்றின் உள்ளறை 30 டெசிபெல் அளவில் இருக்கும். அந்த அமைதியில், படத்தில் ஒருவர் மெல்லப் பேசும் இடத்தில், 40 டெசிபெலுடன் இரையும் ஒரு பெட்டி பேச்சை விழுங்கிவிடும். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு இருமடங்கு போலக் கேட்கும் என்பது பொதுக் கணக்கு. காது மந்தமான முதியோர் உள்ள வீடுகளில் இது வெறும் வசதிப் பிரச்சினையன்று. இரைச்சலை மீறுவதற்காகத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்கள். அது அடுத்த அறையிற் படிக்கும் பிள்ளையைக் குழப்பும். இந்தச் சண்டை பல வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம்.

விசிறிகளின் இயல்பு பற்றி ஒரு விதி உண்டு. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் குறைந்துவிடும். ஆகவே 40 மில்லிமீற்றர் அகலமுள்ள குட்டி விசிறி நிமிடத்துக்கு 5000 தடவை சுழன்று கீச்சிடுவதைவிட, 120 மில்லிமீற்றர் விசிறி 800 தடவை ஆறுதலாகச் சுழன்று அதே காற்றைத் தருவது மேல். சிறிய பெட்டி என்றால் அமைதியான பெட்டி என்று எண்ணிவிடக்கூடாது. கைக்குள் அடங்கும் கணனிகளிற் சில, உள்ளே இருக்கும் குட்டி விசிறியால் நுளம்பு போல இரைந்துகொண்டே இருக்கும். வாங்குமுன் கடையில் அன்றி, அமைதியான இடத்தில் ஒரு படத்தை அரை மணித்தியாலம் ஓடவிட்டுக் கேட்பது நல்லது. முதல் ஐந்து நிமிடம் எல்லாப் பொறிகளும் அமைதியானவையே.

அப்படியானால் விசிறியே இல்லாத பொறியை வாங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். குளிர்நாட்டில் அது நேரான பதில். எமது நாட்டில் இரண்டு தரம் யோசிக்கவேண்டும். விசிறியற்ற கணனி தன் உலோக உடலாலேயே வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுக்கிறது. உடலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடே இங்கு வேலை செய்வது. 22 பாகை அறையிற் சுகமாக இருக்கும் பொறி, தகரக் கூரையின்கீழ் 36 பாகையில் அந்த 14 பாகையையும் தன் மேல் ஏற்றிக்கொள்ளும். சில்லு குறித்த அளவுக்கு மேற் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். றாஸ்பெரி பை பொறிகள் 80 பாகையைத் தாண்டும்போது இதைத் தொடங்கும். இன்ரெல் சில்லுகள் பெரும்பாலும் 100 பாகையை அண்டும்போது. படம் திடீரென விக்கத் தொடங்கினால், கெட்டுப்போனது என்று எண்ணுமுன் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

ஆயினும் விசிறியற்ற பொறிக்கு எமது கரையோரங்களில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. விசிறி காற்றை மட்டுமன்றி, அக்காற்றிலுள்ள உப்பீரத்தையும் தூசியையும் உள்ளே இழுக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வீடுகளில் இரும்புச் சாமான்கள் படும்பாட்டைப் பார்ப்பவர்களுக்குக் கணனியின் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே சீமெந்துக் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள கரையோர வீட்டுக்கு, 10 உவாற்றுக்குட்பட்ட விசிறியற்ற பொறி. வெப்பம் கொதிக்கும் தகரக் கூரை மண்டபத்துக்கு, பெரிய மெதுவான விசிறி உள்ள பொறி. இதுவே எமது தெரிவு.

பல்லியும் எறும்பும் கூடக் கணக்கில் வரவேண்டியவை. இளஞ்சூடான இருட்டிடம் அவற்றுக்கு மாளிகை. ஒரு வாசிகசாலையில் கணனியின் மின்வழங்கி வெடித்ததென்று அழைத்தார்கள். திறந்தபோது உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. காற்றுத் துவாரங்களுக்கு மெல்லிய கம்பிவலை கட்டி, மாதம் ஒருமுறை தூரிகையால் தூசு தட்டிவிட்டால் போதும். மேலும், தொலைக்காட்சிக்குப் பின்னல் விரிப்புப் போடும் எம் வீட்டாரின் அழகுணர்ச்சி கணனிவரை நீளாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கதவுள்ள சோகேசுக்குள் அதை வைத்துப் பூட்டுவதும் அப்படியே.

இரைச்சலைக் குறைக்க மலிவான வழி தூரம். கணனியை ஒரு சுவருக்கு அப்பால் வைத்து எச்.டி.எம்.ஐ. கேபிளை மட்டும் இந்தப் பக்கம் எடுக்கலாம். 5 மீற்றர் வரை சாதாரணக் கேபிள் தொந்தரவு தருவதில்லை. இருக்கிற பொறியை மாற்றப் பணமில்லாதவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

சந்தையிற் கிடைப்பவை

2023இன் தொடக்கத்தில் வந்த இன்ரெல் என்100 என்னும் சில்லைக் கொண்ட சிறுகணனிகளே புதிதாய் வாங்குவோருக்கு முதலிற் சொல்லத்தக்கவை. சில்லின் குறித்த அளவு 6 உவாற்று. முழுப் பெட்டியும் சும்மா நிற்கையில் 6 முதல் 10 உவாற்று, கடும் வேலையில் 20 உவாற்றைக் கடக்கலாம். மேலே சொன்ன நான்கு மடிப்புகளையும் வன்பொருளில் விரிக்கும். விசிறியுள்ள பெட்டியும் உண்டு, அற்றதும் உண்டு. 12 வோல்ற்று வெளி மின்வழங்கியில் ஓடுவன பல. இதன் பயனைப் பின்னர் பார்ப்போம்.

பணம் குறைவானால், அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லீற்றர் அளவுச் சிறு மேசைக் கணனிகளைத் தேடுங்கள். டெல், எச்.பி., லெனோவோ ஆகிய மூன்று நிறுவனங்களும் தடித்த புத்தகம் போன்ற இவ்வகைப் பெட்டிகளைச் செய்துள்ளன. ஏழாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ‘ரி’ எழுத்துள்ள செயலியோடு கிடைத்தால் வாங்கலாம். சும்மா நிற்கையில் 10 முதல் 15 உவாற்று. விசிறியை ஒருமுறை கழற்றித் துடைத்து, செயலிக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள உலர்ந்த பசையைப் புதுப்பித்தால் இரைச்சல் பெரிதும் குறையும். 2025இன் கடைசிப் பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதால், நினைவகமும் தட்டும் உள்ளே இருக்கும்படியாகக் கைமாறியதை வாங்குவதே புத்தி. படம் மட்டும் பார்க்க 4 கிகாபைற் நினைவகம் போதும். இணையமும் பார்ப்பதானால் 8.

திரை உடைந்த மடிக்கணனி வீட்டில் கிடந்தால் அதையும் எறியவேண்டாம். திரைதான் பாதி மின்சாரத்தை இழுப்பது. அது போனபின் மிச்சம் 10 உவாற்று அளவில் ஓடும் நல்ல சிறுகணனி. தன் பற்றரியை இன்னும் இழக்காதிருந்தால், மின்வெட்டைத் தாங்கும் சாதனமும் கூடவே கிடைத்ததாகும். உப்பிய பற்றரியை மட்டும் உடனே அகற்றிவிட வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடியது.

றாஸ்பெரி பை 2012இல் இங்கிலாந்தில் மாணவர்களுக்கெனத் தொடங்கிய ஒற்றைப் பலகைக் கணனி. 2019இல் வந்த நான்காம் பதிப்பு படம் காட்டும்போது 4, 5 உவாற்றில் ஓடும். எச்.264, எச்.265 இரண்டையும் விரிக்கும். 2023இன் ஐந்தாம் பதிப்பு வேகமானதுதான்; ஆனால் எச்.264க்கான தனிச் சுற்றைக் கைவிட்டுவிட்டனர்; காதுக்குழல் துவாரத்தையும் எடுத்துவிட்டனர்; சூடும் கூட. படத்துக்கு மட்டுமென்றால் நான்காம் பதிப்பே எமக்குப் பிடித்தது. இதில் இன்னொரு நன்மை, தொலைக்காட்சியின் சொந்த றிமோட்டாலேயே எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக இதை இயக்கலாம். இன்ரெல் சிறுகணனிகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இல்லை. அவற்றுக்குக் கம்பியில்லாச் சிறு விசைப்பலகை வாங்கவேண்டும். கைப்பேசி சார்ஜர் ஒன்றைச் செருகி இப்பொறியை ஓட்டப் பார்க்காதீர்கள். 5.1 வோல்ற்று 3 அம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். குறைந்தால் திரையின் மூலையில் மின்னல் அடையாளம் தோன்றும். அதைக் கண்டும் காணாமல் விட்டால் ஒருநாள் கோப்புகள் பழுதாகும்.

விலை மிகக் குறைந்த, பெயர் தெரியாத அன்ரொயிட் பெட்டிகளை நாம் சிபாரிசு செய்யோம். அவற்றுட் சில வகைகள் விற்பனைக்கு வரும்போதே தீய மென்பொருளைச் சுமந்து வந்தமை 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. வீட்டு இணைய இணைப்பை அறியாதவர் கையிற் கொடுப்பதற்குச் சமன் அது.

மென்பொருளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோடி என்னும் இலவச மென்பொருள் (2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. எனப்பட்டது) படங்களை அடுக்கிக் காட்டும். லிப்ரெலெக் என்ற லினக்ஸ் தொகுதி அதை மட்டுமே சுமந்து, சிறு அட்டையிலிருந்தே இயங்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டதால் பழைய பொறிகளுக்கு லினக்ஸ் வழியே சரி. கோடியின் அமைப்பில், படத்தின் சட்ட வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் ஏற்பாடு உண்டு. அதை இயக்கிவிடுங்கள். திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டம், எமது பழைய வீடியோ நாடாக்கள் 25. திரை 60இல் நின்றால் நடப்பவர் எல்லோரும் சற்று நொண்டுவது போலத் தெரியும். பலர் இதைப் பொறியின் பலவீனம் என்று எண்ணி வேறொன்றை வாங்கி ஏமாறுகின்றனர்.

தட்டும் பற்றரியும்

செக்கனுக்கு 8 மெகாபிற் வீதம் மடித்த இரண்டு மணித்தியாலப் படம் 7.2 கிகாபைற். ஆகவே 1 ரெராபைற் தட்டில் ஏறக்குறைய 130 படங்கள். சுழலும் பெரிய வன்தட்டு 5 முதல் 8 உவாற்று இழுக்கும்; தொடங்கும் கணத்தில் 20 உவாற்றையும் தாண்டும்; கணனி முழுவதற்கும் ஆகும் செலவை அது ஒன்றே இருமடங்காக்கிவிடும். மடிக்கணனிகளில் வரும் சிறிய வன்தட்டுக்கு 2 உவாற்று போதும். சுழலாத எஸ்.எஸ்.டி. தட்டு ஓசையே இல்லாதது. இயங்குதளத்தைச் சிறிய எஸ்.எஸ்.டி.யிலும் படங்களைச் சிறிய வன்தட்டிலும் வைத்தல் செலவுக்கும் அமைதிக்கும் இடையே நல்ல சமரசம். திடீரென மின்சாரம் நின்றால் நினைவு அட்டைகள் சிதைவதுண்டு. அட்டையின் பிரதி ஒன்றை எழுதி உறையிலிட்டு வைத்திருங்கள். குடும்ப ஒளிப்பதிவுகளை ஒருபோதும் ஒரே தட்டில் மட்டும் வைக்கவேண்டாம்.

1990இன் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அந்தத் தலைமுறைக்கு உவாற்றுக் கணக்கைப் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. இளையவர்கள் அதை 2022இல் ஓரளவு உணர்ந்தனர். அவ்வாண்டு மார்ச் 31 அன்று நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஆகவே பற்றரியில் ஓடுமா என்ற கேள்வி எமக்கு ஆடம்பரமானதன்று.

12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கொண்ட ஈய அமிலப் பற்றரியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 1200 உவாற்று-மணி. அதிற் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும், எனவே 600. இன்வேட்டரில் 15 வீதம் வீணாகும் எனக் கொண்டால் 510. 32 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சிக்கு 40 உவாற்று, ஒலிபெருக்கிக்கு 10, சிறுகணனிக்கு 10 என்று மொத்தம் 60 உவாற்று ஆனால் எட்டரை மணித்தியாலம் ஓடும். அதே இடத்தில் 100 உவாற்றுப் பழைய கணனியை வைத்தால் மொத்தம் 150. மூன்று மணித்தியாலம் இருபத்துநான்கு நிமிடத்தோடு சரி. மூன்று மணித்தியாலத் தமிழ்ப்படம் ஒன்று இடைவேளையோடு அதற்குள் முடியுமா என்பதை வாசகரே சொல்லட்டும்.

12 வோல்ற்றுச் சிறுகணனியை இன்வேட்டர் இன்றி நேரே பற்றரியிற் கொழுவலாமே என்று கைவேலை தெரிந்த இளைஞர் கேட்பர். எண்ணம் சரி, ஆனால் நேரே கொழுவக்கூடாது. 12 வோல்ற்றுப் பற்றரி என்பது பெயருக்குத்தான். சோலார் தகட்டிலிருந்து ஏறும்போது அது 14 வோல்ற்றுக்கு மேலும் போகும், இறங்கியபின் 11ஐ அண்டி நிற்கும். இடையில் வோல்ற்றளவை நிலைப்படுத்தும் சிறு மாற்றி ஒன்றும் ஓர் உருகியும் வைத்தே இணைக்கவேண்டும். றாஸ்பெரி பைக்கு 12இலிருந்து 5 வோல்ற்றாக்கும் மாற்றி.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமுழக்கம் கேட்டால் ஆளியை அணைப்பது மட்டும் போதாது. செருகியைக் கழற்றுங்கள், தொலைக்காட்சியின் அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். அன்ரெனா வழியாகத் தொலைக்காட்சிக்கு வரும் மின்னல், எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பிடித்துக் கணனிக்கும் வந்துசேரும்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

இப்போது வீட்டிலுள்ள பொறி எவ்வளவு இழுக்கிறது என்பதை அறிய விலைகூடிய கருவி தேவையில்லை. மின்மானியே போதும். புதிய மானிகளில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு ஒளிரும். அதன் அருகே 1600 என்றோ 1000 என்றோ ஓர் எண் எழுதியிருக்கும்; ஓர் அலகு செலவாக அத்தனை தடவை ஒளிரும் என்பது அதன் பொருள். குளிர்ப்பெட்டி உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணனியை மட்டும் இயக்கி, ஒரு படத்தை ஓடவிடுங்கள். தொலைக்காட்சியையும் இயக்க வேண்டியிருப்பதால், முதலில் அதை மட்டும் தனியே ஓடவிட்டு எண்ணி, அவ்வெண்ணைப் பின்னர் கழித்துவிடுங்கள். ஒரு பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்து முப்பது நிமிடம் எண்ணச் சொல்லலாம். 1600 என்று எழுதிய மானியில், கழித்து வந்த எண் 80 ஆனால் மணித்தியாலத்துக்கு 160. அதை 1600ஆற் பிரித்தால் அலகில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 உவாற்று. 8 தடவை மட்டும் ஒளிர்ந்தால் 10 உவாற்று. பின்னர் கணனியைத் திரையிலிருந்து அணைத்துவிட்டு, ஆளியை மட்டும் போட்டபடி விட்டு, இன்னொரு முறை ஒரு மணித்தியாலம் எண்ணுங்கள். அணைத்த பின்பும் மானி ஒளிர்ந்துகொண்டிருந்தால், இரவில் அந்த ஆளியையும் மேலே தட்டிவிட வேண்டியதுதான்.